வீர்-ஸாரா: 22 வருடம் உள்ளே வைத்தது யார்?

வீர்-ஸாராவைக் குறை சொல்லி எழுதுவது கொஞ்சம் சங்கடமான வேலை. படத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் நல்லவர்கள். பாடல்கள் இனிமை. கடைசி அரை மணி நேரத்தில் கண் கலங்காமல் உட்கார்ந்திருப்பது கஷ்டம், எனக்கும்தான். ஆனால் அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்த பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இந்த மனுஷனை 22 வருடம் சிறையில் வைத்தது யார்? படம் அதற்குச் சொல்லும் பதில்தான் எனக்கு உறுத்தல். (கதையை முழுசாகச் சொல்லப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

முதலில் கதைச் சுருக்கம். வீர் பிரதாப் சிங் (ஷாருக் கான்) இந்திய விமானப்படையில் மீட்புப்பணி விமானி. ஸாரா (பிரீத்தி ஜிந்தா) லாகூரின் பெரிய அரசியல் குடும்பத்துப் பெண். தன்னை வளர்த்த பேபேயின் அஸ்தியைக் கரைக்க இந்தியா வருகிறாள். பஸ் விபத்து, ஹெலிகாப்டர், மீட்பு, அப்புறம் வீரின் கிராமத்தில் ஒரு நாள். அட்டாரி ரயில் நிலையத்தில் ஸாராவுக்கு நிச்சயிக்கப்பட்ட ராஸா (மனோஜ் பாஜ்பாயி) வந்து நிற்கிறான். பிறகு வீர் வேலையை விட்டுவிட்டு லாகூர் போகிறான். ஸாராவின் அம்மா கேட்டுக்கொண்டதால் விலகிவிடச் சம்மதிக்கிறான். ஆனால் ராஸா அவனை 'ராஜேஷ் ராத்தோர்' என்ற இந்திய உளவாளியாக ஜோடித்து உள்ளே தள்ளுகிறான். வீர் ஏற வேண்டிய பஸ் விபத்துக்குள்ளாகி எல்லோரும் இறந்துபோக, ஊரும் ஸாராவும் அவன் செத்துவிட்டதாக நம்புகிறார்கள். 22 வருடம் கழித்து சாமியா சித்திக்கி (ராணி முகர்ஜி) என்ற இளம் பாகிஸ்தானி வழக்கறிஞர் அந்தக் கேஸை எடுக்கிறார்.

சேர்த்து வைப்பதற்கு ஒரு பஸ் விபத்து, பிரிப்பதற்கு ஒரு பஸ் விபத்து. அதை விட்டுவிடலாம், நம்ம ஊர்ப் படங்களிலும் இதெல்லாம் சகஜம்.

சும்மா சொல்லக்கூடாது, 2004-ல் இப்படி ஒரு படம் எடுத்ததற்கே ஒரு மதிப்பு உண்டு. அதற்கு முன்னால் வந்த பெரிய படங்களை நினைத்துப் பாருங்கள்: 1997-ல் 'பார்டர்', 2001-ல் 'கதர்', 2003 டிசம்பரில் 'எல்.ஓ.சி. கார்கில்'. பாகிஸ்தான் என்றாலே கத்திக் கத்தி வசனம் பேச வேண்டிய எதிரி. ஆனால் 2003 நவம்பரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் சண்டை நிறுத்தம், 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் வாஜ்பாய், முஷாரஃப் சந்திப்பு, மார்ச்சில் இந்திய கிரிக்கெட் அணி அங்கே பயணம் என்று காற்று கொஞ்சம் மாறியிருந்தது. அந்த நவம்பரில் யஷ் சோப்ரா இந்தப் படத்தோடு வந்தார். அந்த வருடத்தின் அதிக வசூல் செய்த இந்திப் படம் இதுதான். ஒரு பாகிஸ்தானி வழக்கறிஞர் இந்தியக் கைதிக்காக வாதாடி ஜெயிப்பதைப் பார்க்க இந்தியாவில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இது சின்ன விஷயம் இல்லை.

படத்தின் ஆகச் சிறந்த யோசனை என்று நான் நினைப்பது காதலே இல்லை, பேபே. பிரிவினைக்குப் பிறகும் லாகூரில் ஒரு முஸ்லிம் குடும்பத்தோடு தங்கிவிட்ட சீக்கியப் பாட்டி. சாகும்போது அவள் கேட்பது ஒன்றுதான்: என் சாம்பலை கீரத்பூரில் சட்லெஜ் ஆற்றில் கரைத்துவிடு. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் ஸோரா சேகல், அப்போது வயது 92. அவருடைய தங்கை உஸ்ரா பட் பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானுக்குப் போய்விட்டவர். 1993-ல் லாகூரின் அஜோகா நாடகக் குழுவின் 'ஏக் தீ நானி'யில் அக்காவும் தங்கையும் ஒரே மேடையில் நடித்தார்கள். இது தெரிந்து பார்த்தால், அந்தச் சில நிமிடக் காட்சியில் மற்ற எந்தக் காட்சியிலும் இல்லாத ஒரு கனம் தெரியும். எல்லை என்பது ஒரு குடும்பத்துக்குள் எப்படி விழும் என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சரி, இனி உறுத்தலுக்கு வருவோம். தேதி என்று எதைப் பார்த்தாலும் கழித்துப் பார்க்கும் புத்தி எனக்கு, தொழில் அப்படி. படத்தின் நிகழ்காலம் 2004 என்று வைத்துக்கொண்டால், 22-ஐக் கழித்தால் 1982. இப்போது அந்த வருடம் இரண்டு பக்கமும் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்ப்போம்.

பாகிஸ்தானில் ஜியா உல் ஹக்கின் ராணுவச் சட்ட ஆட்சி. 1979 அக்டோபரிலேயே தேர்தலைத் தள்ளிவைத்து அரசியல் கட்சிகளுக்குத் தடை போட்டாகிவிட்டது. ஆனால் படத்தில் ஸாராவின் அப்பா, ராஸா குடும்பத்தோடு சம்பந்தம் வைத்தால் தன் அரசியல் வளரும் என்று கணக்குப் போடுகிறார். எந்த அரசியல்? கட்சியே நடத்த முடியாத காலத்தில்? ராணுவம் என்ற ஒன்று அந்த நாட்டில் இருப்பதாகவே படத்துக்குத் தெரியவில்லை.

இந்தப் பக்கம் இன்னும் மோசம். வீர் இறந்துவிட்டான் என்று நம்பி, ஸாரா தன் நாட்டை விட்டு வந்து பஞ்சாபில் அவனுடைய கிராமத்திலேயே வாழ்கிறாள், அவன் ஆசைப்பட்டபடி அங்கே பிள்ளைகளின் படிப்பைப் பார்த்துக்கொள்கிறாள். அழகான கற்பனை. ஆனால் அவள் அங்கே இருந்த வருடங்கள் எவை? 1982 ஆகஸ்டில் அகாலிகளின் 'தர்ம யுத்த மோர்ச்சா' தொடங்குகிறது. 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைகிறது. அக்டோபர் 31 இந்திரா காந்தி கொலை, அடுத்த நாட்களில் டெல்லியில் சீக்கியர்கள் மீது படுகொலை. அதற்கப்புறம் 90-களின் தொடக்கம் வரை பஞ்சாப் கிராமங்களில் இருட்டினால் வெளியே வர பயம், ஒரு பக்கம் தீவிரவாதிகள், இன்னொரு பக்கம் போலீஸ். பாகிஸ்தான்தான் ஆயுதம் தருகிறது என்று தினமும் செய்தி. அந்தப் பத்து வருடத்தில் பஞ்சாபின் ஒரு கிராமத்தில் ஒரு பாகிஸ்தானிப் பெண் நிம்மதியாகப் பள்ளிக்கூடத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாளாம். விசா யார் கொடுத்தது, போலீஸ் வந்து கேட்டதா, ஊர் எப்படிப் பார்த்தது என்று ஒரு வரிகூடக் கிடையாது.

"சினிமாவில் போய் விசாவைத் தேடுறியே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாட்டுக்கு நடுவில் உடை மாறுவதை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் இந்தப் படத்தின் கதையே எல்லைதான். எல்லை பிரித்தது என்பதுதான் நம்மை அழவைக்கும் காரணம். அந்த எல்லையை உண்டாக்கி, காவல் காத்து, ஆளைப் பிடித்து உள்ளே போடும் இயந்திரத்தை மட்டும் கதையிலிருந்து கழற்றி எடுத்துவிட்டால் எப்படி?

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். படத்தின் பதில்: ராஸா. பொறாமை பிடித்த ஒரு மாப்பிள்ளை. 22 வருடச் சிறைக்கு அரசோ ராணுவமோ உளவுத்துறையோ காரணம் இல்லை. ஒரு கெட்டவன் மனசு வைத்தான், ஒரு நல்லவன் மாட்டிக்கொண்டான். வீர் வாயைத் திறக்காமல் இருந்ததும் ஒரு காரணம். ஸாராவின் வாழ்க்கை கெடக் கூடாது என்பதற்காக அவன் மௌனமாக இருக்கிறான். சாமியா வந்த பிறகும், கோர்ட்டில் ஸாராவின் பெயரை எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வாதாடச் சம்மதிக்கிறான்.

இந்த மௌனத்தைப் படம் காதலின் உச்சமாகக் கொண்டாடுகிறது. அது யாருக்கு வசதி என்று பாருங்கள். கைதி பேசாததால்தான் உண்மை வெளிவரவில்லை என்றால், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை என்ற குற்றம் காணாமல் போய்விடுகிறது. 22 வருடமாக அவன் யார் என்று ஒரு அதிகாரியும் சரிபார்க்கவில்லை என்பது ஒரு நாட்டின் குற்றம். படத்தில் அது தியாகமாக மாறி, ஒலி ஒளியோடு ஜொலிக்கிறது. அதனால்தான் தீர்வும் அவ்வளவு சுலபம். ஸாரா வந்து சாட்சி சொன்னதும் எல்லோர் மனசும் உருகி, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கூட மாறிவிடுகிறார்.

நிஜத்தில் எப்படி? காஷ்மீர் சிங் என்பவர் 1973-ல் பாகிஸ்தானில் பிடிபட்டு 2008 மார்ச்சில் வெளியே வந்தார், 35 வருடம். வாகா வழியாக நடந்து வந்ததைத் தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டின. வந்த சில நாட்களில், தான் உளவு வேலைக்குத்தான் போனேன் என்று அவரே சொன்னார். வீர் மாதிரி மாசு மருவற்ற கைதிக்கு இரக்கப்படுவது எளிது. காஷ்மீர் சிங்குக்கு 35 வருடம் நியாயமா, அனுப்பியவர்கள் அவர் குடும்பத்துக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான கேள்வி வந்துவிடாமல் இருக்கத்தான் வீரை இவ்வளவு தூய்மையானவனாக வைத்திருக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்று. படம் வந்து 8 வருடம் கழித்து, 2012-ல், ஹமீத் அன்சாரி என்ற மும்பை இளைஞர் இணையத்தில் பழகிய ஒரு பெண்ணுக்காக ஆப்கானிஸ்தான் வழியாக பாகிஸ்தானுக்குள் போனார். கோஹாட்டில் பிடிபட்டார். ராணுவ நீதிமன்றம் உளவாளி என்று 3 வருடத் தண்டனை கொடுத்தது. ஆனால் அவர் வாகா வழியாகத் திரும்பியது 2018 டிசம்பரில், மொத்தம் 6 வருடம். எல்லாப் பத்திரிகைகளும் 'நிஜ வீர்-ஸாரா' என்று தலைப்புப் போட்டன.

அந்தக் கதையில் ஒரு நிஜ சாமியாவும் உண்டு. ஸீனத் ஷாஸாதி, லாகூரைச் சேர்ந்த இளம் பத்திரிகையாளர். ஹமீத் எங்கே இருக்கிறார் என்று கேட்டு, அவருடைய அம்மா சார்பில் மனுப் போட்டு அலைந்தவர். 2015 ஆகஸ்டில் லாகூரில் அவரையே கடத்திக்கொண்டு போனார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் எங்கே என்று தெரியாமல் இருந்து, 2017 அக்டோபரில்தான் மீட்கப்பட்டார். இதைப் படித்த பிறகு மறுபடி சாமியாவின் கோர்ட் காட்சிகளைப் பார்த்தேன். ராணி முகர்ஜி நன்றாகத்தான் நடித்திருக்கிறார், படத்திலேயே அவர்தான் எனக்குப் பிடித்தவர். ஆனால் அவர் எதிர்கொள்ளும் பெரிய ஆபத்து, கேஸ் தோற்றுவிடுமோ என்பது மட்டும்தான். அந்த இடத்தில் நிஜமாக நிற்கும் பெண்ணுக்கு என்ன ஆகும் என்ற நினைப்பே படத்துக்கு இல்லை.

ஸாராவுக்கும் இதே அநியாயம். யோசித்துப் பார்த்தால் கதையிலேயே துணிச்சலான காரியம் செய்தவள் அவள்தான். வீடு, வசதி, நாடு எல்லாவற்றையும் விட்டு, செத்துப்போனவன் என்று நம்பிய ஒருத்தனின் ஊரில் போய் 22 வருடம் உழைத்தவள். வீர் சிறையில் உட்கார்ந்திருந்ததற்குப் படம் முழுக்க இடம் இருக்கிறது. ஸாராவின் 22 வருடம் சில நிமிடப் பேச்சில் முடிந்துவிடுகிறது. நான் தயாரிப்பாளராக இருந்திருந்தால் அந்த 22 வருடத்தைத்தான் படமாக எடுக்கச் சொல்லியிருப்பேன்.

ஏன் இப்படி? என் ஊகம், இந்தப் படம் உண்மையில் 1982-லும் நடக்கவில்லை, 2004-லும் நடக்கவில்லை. இசையைக் கவனியுங்கள். மதன் மோகன் 1975-ல் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன, பயன்படுத்தாத மெட்டுகளை அவருடைய மகன் சஞ்சீவ் கோஹ்லி எடுத்துத் திருத்திக் கொடுத்தார். ஸாராவுக்குக் குரல் கொடுத்த லதா மங்கேஷ்கருக்கு அப்போது வயது 75. யஷ் சோப்ரா 1932-ல் லாகூரில் பிறந்தவர். 72 வயதில் அவர் எடுத்தது, பிரிக்கப்படாத பஞ்சாபின் நினைவு. அதில் ராணுவச் சட்டமும் கிடையாது, 1984-ம் கிடையாது. ஒரே கோதுமை வயல், ஒரே மொழி.

அந்த ஏக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இதே மனிதர் முப்பது வயதுகூட நிரம்பாதபோது, 1961-ல், 'தர்மபுத்ரா' எடுத்தார். முஸ்லிம்களை வெறுக்கும் ஒருவனுக்கு, தன்னைப் பெற்றவளே முஸ்லிம் என்று தெரியவரும் கதை. வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அந்தப் படத்துக்குத் தைரியம் இருந்தது. வீர்-ஸாரா வெறுப்பே இல்லாத உலகத்தைக் கட்டிக்கொண்டு, அதில் ஒரே ஒரு ராஸாவை வைத்துவிட்டுப் போகிறது.

வீர்-ஸாரா பார்த்து அழுதவர்கள் 'ராம்சந்த் பாகிஸ்தானி'யையும் பாருங்கள். மெஹ்ரீன் ஜப்பார் இயக்கி 2008-ல் வந்த பாகிஸ்தானியப் படம், நந்திதா தாஸ் அம்மாவாக நடித்தது. பாகிஸ்தானின் எல்லையோரத்தில் வாழும் ஒரு தலித் இந்துச் சிறுவனும் அவன் அப்பாவும் தெரியாமல் இந்தியாவுக்குள் கால் வைத்துவிட்டு இந்தியச் சிறையில் வருடக்கணக்கில் கிடப்பதுதான் கதை. உண்மைச் சம்பவத்தை ஒட்டியது. அதில் ராஸா மாதிரி ஒரு ஆள் தேவைப்படவே இல்லை. ஒரு கோடு, ஒரு ஃபைல், அந்த ஃபைலைத் திறந்து பார்க்க யாருக்கும் அவசரம் இல்லாத ஒரு ஆபீஸ், இவ்வளவுதான். வருடா வருடம் ஜனவரி 1-லும் ஜூலை 1-லும் இரண்டு நாடுகளும் தங்கள் சிறைகளில் உள்ள மற்ற நாட்டுக்காரர்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. அதில் பெரும்பாலானவர்கள் மீனவர்கள். எந்தப் பெண்ணுக்காகவும் அவர்கள் எல்லை தாண்டவில்லை, மீன் போன பக்கம் போனார்கள்.