வழக்குக்கு முன் ஒரு வழக்கு

வெளியே கொடுத்த பத்து லட்சம் ரூபாயை மீட்க ஒருவர் தமிழ்நாட்டில் பிராது தாக்கல் செய்தால், மூன்று சதவீதக் கணக்கில் 30,000 ரூபாய் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். 2017-க்கு முன்பு ஏழரை சதவீதமாக இருந்ததால், இதே வழக்குக்கு 75,000 ரூபாய் ஆகியிருக்கும். அந்த ஆண்டுச் சட்டத் திருத்தம் தந்த நிம்மதி பெரிது. ஆனால் வக்கீல் வைக்க வழியில்லாமல் தன் வழக்கைத் தானே நடத்த வருபவருக்கு அந்த 30,000-மும் எட்டாத தொகைதான்.

பாகப்பிரிவினை வழக்கில் இது இன்னும் உறைக்கும். சொத்தில் கூட்டு அனுபோகம் உள்ளவருக்குச் சிறிய நிலையான கட்டணம் போதும். அண்ணன் தம்பிகள் வெளியேற்றிவிட்ட சகோதரியோ தன் பங்கின் மதிப்புக்கு ஏற்பக் கட்ட வேண்டும். அதிகம் இழந்தவரிடமே சட்டம் அதிகம் கேட்கிறது.

இவர்களுக்காகவே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 33-ஆம் கட்டளை இருக்கிறது. கட்டணம் கட்ட வசதியில்லாதவர் வறியவராக வழக்குத் தொடர அனுமதி கேட்கலாம். அதன் நல்ல அம்சங்களைக் குறைத்துச் சொல்லக் கூடாது. எந்தச் சொத்துக்காக வழக்கோ, அதை அவருடைய வசதியாகக் கணக்கிடுவதில்லை. உடுதுணி, சமையல் பாத்திரம், கைவினைஞரின் கருவி போன்ற ஜப்தி செய்ய முடியாத பொருள்களும் கணக்கில் வராது. அனுமதி கிடைத்தால், மனு கொடுத்த நாளே வழக்குத் தொடுத்த நாள் என்பதால் காலவரையறை பறிபோகாது. வக்கீல் இல்லாதவருக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கவும் முடியும்.

குறை, அனுமதி பெறும் வழியில் இருக்கிறது. மனுதாரர் தன் சொத்துகளைப் பட்டியலிட்டு, பொதுவாகத் தானே நேரில் வந்து மனுவைக் கொடுக்க வேண்டும். அவருடைய வசதி குறித்து நீதிமன்ற அலுவலர் விசாரிப்பார். அரசு வழக்கறிஞருக்கும் எதிர்த்தரப்புக்கும் நோட்டீஸ் போகும். இருவரும் மனுதாரர் வறியவர் அல்ல என்று சாட்சியம் காட்டலாம். அரசுக்கு வரவேண்டிய வருமானம் இது என்பதால் அரசு வழக்கறிஞர் கேள்வி கேட்பதில் நியாயம் உண்டு. எதிர்த்தரப்புக்கு அந்த உரிமை ஏன்? கட்டணம் அவர் பையிலிருந்து போவதில்லை. வழக்கை இழுத்தடிக்க மட்டுமே அது அவருக்கு உதவும். சகோதரியின் வறுமையை அவரை வறியவராக்கிய அண்ணனே குறுக்குவிசாரணை செய்வது நீதியின் வேலை ஆகாது.

இன்னொரு குறை: இது கட்டணத் தள்ளுபடி அல்ல, ஒத்திவைப்பு. தோற்றால் கட்டணத்தைக் கட்டச் சொல்லி உத்தரவு வரும். மாவட்ட ஆட்சியர் அதை நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். பொய் வழக்கைத் தடுக்க இது வேண்டும் என்பார்கள். பொய் வழக்குக்கும், நேர்மையாகத் தொடுத்து ஆவணம் போதாமல் தோற்ற வழக்குக்கும் இங்கே வேறுபாடே இல்லை.

தீர்வுக்குப் புதுச் சட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோரை வருமானம் பார்க்காமலே சட்ட உதவிக்குத் தகுதியானவர்கள் என்கிறது. நீதிமன்றக் கட்டணமும் அந்த உதவியில் அடங்கும். ஆனால் தானே பிராது எழுதிக்கொண்டு நேராகத் தாக்கல் பிரிவுக்கு வருபவருக்கு இதை யார் சொல்வது? அந்தத் தகுதியையே 33-ஆம் கட்டளைக்கும் முதல்நிலைச் சான்றாக ஏற்கலாம். மறுப்பு இருந்தால் அரசு மட்டும் எழுப்பட்டும், அதுவும் குறித்த நாளுக்குள். நேர்மையாகத் தோற்றவரிடம் வசூலிக்காமல் விட நீதிபதிக்கு அதிகாரம் தரலாம்.

நீதிமன்றம் நடக்கப் பணம் தேவை. வசதி உள்ளவர்கள் கட்டணம் கட்டுவது நியாயமே. கட்ட இயலாதவரிடம் அரசு கேட்க வேண்டியது அவருடைய வழக்கு என்ன என்பதைத்தான். அவர் எவ்வளவு ஏழை என்ற விசாரணை அதற்கு முன்னால் வருடக்கணக்கில் குறுக்கே நிற்கக் கூடாது.