வாசலுக்கு மட்டும் நேரம்: லூவரின் முன்பதிவு முறை

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்கு எடுக்கும் டிக்கெட்டில் தேதி இருக்கும், உள்ளே நுழைய வேண்டிய நேரம் இருக்கும். வெளியே வர வேண்டிய நேரம் இருக்காது. காலை 9 மணிக்கு நுழைந்தவர் மாலை 6 மணிக்குக் கதவை அடைக்கும்வரை உள்ளேயே சுற்றலாம். ஆனால் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அதே டிக்கெட்டில் மறுபடி நுழைய முடியாது. பெரிய கலைக்கூடங்கள் பலவும் இப்போது கடைப்பிடிக்கும் இந்த நேரச்சீட்டு முறை எதைச் சாதிக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைப் பார்க்க லூவரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கூட்டமும் அங்கேதான் அதிகம், ஒரே படத்துக்காக வரும் கூட்டமும் அங்கேதான் அதிகம்.

லூவர் 1793 ஆகஸ்ட் 10 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஐ. எம். பெய் வடிவமைத்த கண்ணாடிப் பிரமிடு 1989இல் அதன் முதன்மை வாசலானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் பேர் வருவார்கள் என்ற கணக்கில் கட்டிய வாசல் அது. 2018இல் வந்தவர்கள் 1 கோடியே 2 லட்சம் பேர். அடுத்த கோடையில் மோனா லிசாவின் அறையைப் புதுப்பிப்பதற்காக அந்தப் படத்தைத் தற்காலிகமாக வேறு கூடத்துக்கு மாற்றினார்கள். படிக்கட்டு நெடுக வரிசை நின்றது. முன்பதிவு செய்யாமல் வராதீர்கள் என்று அருங்காட்சியகமே சொல்ல வேண்டியதாயிற்று. பெருந்தொற்றுக்குப் பிறகு 2020 ஜூலை 6 அன்று மீண்டும் திறந்தபோது முன்பதிவு கட்டாயமாக வந்தது. தொற்று போனது, முன்பதிவு தங்கிவிட்டது. அதோடு ஒரு நாளைக்கு 30,000 பேருக்கு மேல் வேண்டாம் என்ற உச்சவரம்பும் சேர்ந்துகொண்டது.

இதன் முதல் பலன் வெளிப்படையானது. பிரமிடு நிற்கும் நெப்போலியன் முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் மணிக்கணக்கில் கால்கடுக்க நின்ற வரிசை பெருமளவு கரைந்துவிட்டது. டிக்கெட் கையில் உள்ளவர் தனக்குரிய நேரத்தில் வந்தால், பை சோதனையை முடித்து உள்ளே போய்விடலாம். நிர்வாகத்துக்கும் வசதிதான். இன்று எத்தனை பேர், எந்த மணியில் எத்தனை பேர் என்பது முந்தின நாளே தெரிந்துவிடும். காவலர்களின் பணிநேரம், பொருள் காப்பறை, உணவகம் எல்லாவற்றையும் அதற்கேற்பத் திட்டமிடலாம்.

உச்சவரம்பு கூட்டத்தைக் குறைத்ததா என்பதற்கு ஒரு சிறிய கணக்கு போதும். செவ்வாய்க்கிழமைகளும் மூன்று விடுமுறை நாட்களும் போக, லூவர் ஆண்டில் ஏறத்தாழ 310 நாள் திறந்திருக்கிறது. 2018இன் வருகையை அந்த நாட்களால் வகுத்தால் சராசரி ஒரு நாளைக்கு 33,000 பேர்; நெரிசலான நாட்களில் அது 45,000 வரை ஏறியதாகச் செய்திகள் வந்தன. 2024இல் வந்தவர்கள் 87 லட்சம் பேர், அதாவது நாளொன்றுக்குச் சராசரி 28,000. ஆக, உச்சவரம்பு செய்த வேலை மலையின் சிகரங்களை வெட்டியதுதான். பள்ளத்தாக்குகள் நிரம்பிவிட்டதால் கூட்டம் குறைந்த நாள் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லாமல் போனது. முன்பு ஒரு நவம்பர் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்துப் போனவருக்குக் கிடைத்த அமைதி இன்று அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை.

வாசலைத் தாண்டியதும் நேரச்சீட்டின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. லூவரின் கூடங்கள் 70,000 சதுர மீட்டருக்கும் மேல். காட்சியில் உள்ள பொருட்கள் ஏறத்தாழ 35,000. அவ்வளவு இடத்தில் 30,000 பேர் பரவி நின்றால் யாரும் யாரையும் இடிக்கத் தேவையில்லை. ஆனால் கூட்டம் பரவுவதில்லை. ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 பேர் மோனா லிசா அறைக்குள் போகிறார்கள். சல் தேஸ் எத்தா என்ற அந்தப் பெரிய கூடத்தில் கயிறு கட்டி மடக்கி மடக்கி வரிசை விட்டிருப்பார்கள். முன்னால் நிற்பவர்களின் தலைகளுக்கு மேலே உயர்ந்த கைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு செல்பேசி. ஒவ்வொரு திரையிலும் ஒரு சின்ன மோனா லிசா. உண்மையான படமும் சின்னதுதான்: 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். அதுவும் கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால் சில மீட்டர் தள்ளி. வரிசையின் முனைக்கு வந்தவர் ஒரு படம் எடுப்பார், திரும்பி நின்று தன்னையும் சேர்த்து இன்னொன்று எடுப்பார். அதற்குள் காவலர் கையசைத்து நகரச் சொல்லிவிடுவார். திருப்பதியில் ‘ஜருகண்டி’ கேட்டவர்களுக்கு அந்தக் கையசைப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

அந்த வரிசை முழுவதும் முதுகு காட்டி நிற்பது லூவரிலேயே மிகப் பெரிய ஓவியத்துக்கு. வெரோனீசேயின் ‘கானாவூர்த் திருமணம்’ கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலமும் 7 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரமும் கொண்டது. தீஷியனின் ‘கையுறை அணிந்த மனிதன்’ அதே கூடத்தில்தான் தொங்குகிறது. வேறெந்த நகரத்திலாவது இருந்திருந்தால் இந்தப் படங்களுக்கே தனி வரிசை நின்றிருக்கும். இங்கே இவை காத்திருப்பு அறையின் சுவர் அலங்காரம்.

நேரச்சீட்டு இந்த நெரிசலை ஒருவகையில் கூட்டவும் செய்கிறது. காலை 9 மணி நேரத்தை முன்கூட்டியே பிடிப்பவர்களில் பெரும்பாலோர் ஒரே எண்ணத்தோடுதான் பிடிக்கிறார்கள்: கூட்டம் சேரும் முன் மோனா லிசாவைப் பார்த்துவிட வேண்டும். எல்லோரும் முந்திக்கொள்ள நினைத்தால் யாரும் முந்துவதில்லை. கதவு திறந்ததும் மோனா லிசா இருக்கும் தெனான் பிரிவை நோக்கிய நடை ஏறக்குறைய ஓட்டமாகிவிடும். அதே நேரத்தில் எதிர்ப்புறத்து ரிஷ்லியூ பிரிவில் வெர்மீரின் ‘பின்னல்காரி’ முன்னால் ஒருவர் நிதானமாக நிற்க முடியும். ஒரு சாண் அளவே உள்ள அந்தப் படத்தை அப்படி அருகில் நின்றுதான் பார்க்க வேண்டும். ஹம்முராபியின் சட்டக்கல்லும் ரூபன்ஸ் வரைந்த 24 மெடிசி ஓவியங்களும் அதே பிரிவில்தான். காலையில் ரிஷ்லியூ, பிற்பகலில் சுல்லி பிரிவு, கடைசியில் தெனான் என்று போகிறவர் அதே டிக்கெட்டில் வேறொரு அருங்காட்சியகத்தைப் பார்க்கிறார் என்றே சொல்லலாம். புதன், வெள்ளி இரவுகளில் 9 மணிவரை திறந்திருப்பதால், மாலை நேரத்தைத் தேர்ந்தெடுப்பது இதைவிட எளிய வழி.

ரோமின் போர்கேசே கலைக்கூடம் இந்தச் சிக்கலை மறுமுனையிலிருந்து பிடித்தது. அங்கே முன்பதிவு கட்டாயம், ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு மணி நேரம். நேரம் முடிந்ததும் எல்லோரும் வெளியே, அடுத்த தொகுதி உள்ளே. பெர்னினியின் ‘அப்போலோவும் தாப்னியும்’ சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்க இடம் கிடைப்பது இந்தக் கண்டிப்பால்தான். மிலானில் லியோனார்தோவின் ‘கடைசி இராவுணவு’ முன்னால் ஒரு சிறு குழுவுக்கு 15 நிமிடம் மட்டுமே. அது சுவரோவியத்தைக் காப்பதற்காக. இந்தக் கண்டிப்புக்கும் விலை உண்டு. ஒரு சிலையிடம் மனம் தங்கிவிட்டவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போர்கேசேயின் முறையை லூவருக்கு அப்படியே கொண்டுபோகவும் முடியாது. ஒரு மாளிகையை இரண்டு மணியில் பார்த்துவிடலாம். லூவரில் அந்த நேரம் வழி கண்டுபிடிக்கவே போய்விடும்.

யாருக்கு இந்த முறை வசதி என்று கேட்டால் விடை அவ்வளவு இனிப்பாக இல்லை. பயணத் தேதி உறுதியாகத் தெரிந்தவர், வெளிநாட்டில் செல்லும் கார்டு வைத்திருப்பவர், இணையதளத்தில் தட்டுத் தடுமாறாமல் பதிவு செய்யத் தெரிந்தவர் முன்னால் போகிறார். இந்தியாவிலிருந்து போகிறவருக்கு ஷெங்கன் விசா எப்போது கைக்கு வரும் என்பது நிச்சயமில்லை. விசா வருவதற்குள் டிக்கெட் எடுத்தால் பணம் போகலாம், ஏனென்றால் இந்த டிக்கெட்டை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ பொதுவாக வழியில்லை. விசா வந்த பிறகு எடுக்கலாம் என்றால் கோடைக்காலத்தின் நல்ல நேரங்கள் எல்லாம் போயிருக்கும். ரயில் தாமதம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று எது நேர்ந்தாலும் இழப்பு பார்வையாளருடையது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இலவசம் என்றாலும் அவர்களும் நேரத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதை அறியாமல் பெரியவர்களுக்கு மட்டும் டிக்கெட் எடுத்துவிட்டு வாசலில் விழிக்கும் குடும்பத்தைக் கற்பனை செய்வது கடினமில்லை. வழியில் கண்ணில் பட்ட கலைக்கூடத்துக்குள் சும்மா நுழைந்து பார்ப்பது என்ற பழக்கம் இந்த முறையில் செத்துவிடுகிறது. லண்டனின் தேசியக் கலைக்கூடத்தில் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது என்பதால் அங்கே அது இன்னும் உயிரோடு இருக்கிறது; மதிய உணவு இடைவேளையில் ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அலுவலகம் திரும்புகிறவர்கள் அங்கே உண்டு.

விலையிலும் லூவர் ஒரு கோடு கிழித்திருக்கிறது. 2024 ஜனவரியில் 17 யூரோவிலிருந்து 22 யூரோவாக உயர்ந்த கட்டணம், 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ. ஊழியர் சங்கங்கள் இதை எதிர்த்தன. வெளிநாட்டவரிடம் அதிகம் வாங்குவது இந்தியர்களுக்குப் புதிதல்ல. மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். அங்கே வரி கட்டுகிறவருக்கும் கட்டாதவருக்கும் உள்ள வேறுபாடு என்ற நியாயம் சொல்லப்படுகிறது. லூவருக்கும் அது பொருந்தும், ஓரளவுக்கு. உலகத்துக்கே பொதுவான அருங்காட்சியகம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஓரிடம், எகிப்திலிருந்தும் ஈராக்கிலிருந்தும் போன பொருட்களைக் காட்ட எகிப்தியரிடமும் ஈராக்கியரிடமும் பத்து யூரோ கூடுதலாக வாங்கும்போது அந்த நியாயம் கொஞ்சம் தள்ளாடுகிறது.

இடம் குறைவு, தேவை அதிகம் என்றால் இடைத்தரகர் வந்துவிடுவார். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2023இல் வெர்மீரின் 28 ஓவியங்களை ஒரே இடத்தில் கூட்டியபோது, திறந்த சில நாட்களிலேயே டிக்கெட் முழுவதும் தீர்ந்தது. அதன்பின் இணையத்தில் பிளாக்கில் பல மடங்கு விலைக்குப் போனது. ரோமின் கொலோசியத்தில் தானியங்கி மென்பொருள்கள் டிக்கெட்டுகளை அள்ளிக்கொண்டதை ஒட்டி, விற்பனையைக் கவனித்த நிறுவனத்துக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்குமாகச் சேர்த்து ஏறத்தாழ 2 கோடி யூரோ அபராதம் விதித்தது இத்தாலியப் போட்டி ஆணையம், 2025 ஏப்ரலில். லூவருக்கு டிக்கெட் தேடுகிறவருக்கு இணையத்தில் முதலில் கண்ணில் படுவதும் பெரும்பாலும் இடைத்தரகர்களின் விளம்பரமே. ‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்பது அவற்றின் கவர்ச்சி வாசகம். பாதுகாப்புச் சோதனை வரிசையை யாரும் தாண்ட முடியாது. அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் வாங்கும் சாதாரண டிக்கெட்டே டிக்கெட் கவுண்டர் வரிசையைத் தவிர்த்துவிடும். கூடுதல் பணம் பெரும்பாலும் அந்த வாசகத்துக்குத்தான்.

டிக்கெட் எதற்கு உறுதி தருகிறது என்பதும் பார்க்க வேண்டியது. பணியாளர் பற்றாக்குறையால் லூவரில் சில கூடங்கள் குறிப்பிட்ட நாட்களில் மூடப்படும். அந்த அட்டவணையைத் தளத்தில் வெளியிடுகிறார்கள், ஆனால் டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் அது தானாக வந்து நிற்காது. டச்சு ஓவியங்களுக்காகவே வருகிறவர் அட்டவணையை முதலில் பார்த்து, பிறகு தேதியை முடிவு செய்ய வேண்டும். 2025 ஜூன் 16 அன்று நெரிசலையும் ஆள் பற்றாக்குறையையும் தாங்க முடியாமல் ஊழியர்கள் திடீரென வேலையை நிறுத்தினார்கள். நேரம் குறித்த டிக்கெட்டோடு வந்தவர்கள் பிரமிடின் முன்னால் மணிக்கணக்கில் நின்றார்கள். உச்சவரம்பு நடைமுறையில் இருந்த காலம் அது. வாசலில் எண்ணிக்கை சரியாக இருந்தும் உள்ளே வேலை செய்தவர்களுக்கு நெரிசல் தாங்கவில்லை.

2025 ஜனவரி 28 அன்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் மோனா லிசாவின் எதிரே நின்று அறிவித்த திட்டம் இந்தக் கணக்கை மாற்றப் பார்க்கிறது. 2031க்குள் கிழக்கு முகப்பின் தூண்வரிசைப் பக்கம் புதிய வாசல். மோனா லிசாவுக்குத் தனி அறை, தனி வழி, தனி டிக்கெட். நேரச்சீட்டு முதன்முறையாக வாசலிலிருந்து அறைக்கு இறங்கும். ஒரு படத்துக்கு மட்டும் வருகிறவரும் மற்றவற்றுக்காக வருகிறவரும் பிரிந்து போகலாம், தீஷியன் முன்னால் நிற்பதற்கு இடம் கிடைக்கலாம். ஆனால் அதே திட்டம் ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் பேரை எதிர்பார்க்கிறது. இன்றைய 30,000 என்ற வரம்பில் ஆண்டுக்கு 93 லட்சம் பேருக்கு மேல் உள்ளே போக முடியாது. 1 கோடியே 20 லட்சத்தை எட்டத் திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 39,000 பேர் நுழைய வேண்டும், அதாவது உச்சவரம்பு வருவதற்கு முந்தைய 2018இன் சராசரியைவிட ஆறாயிரம் பேர் கூடுதலாக.