படித்துறை ஏறிவரும் ஓசை

பேய்க்கதை என்றாலே முகம் சுளிக்கும் திறனாய்வாளர் பலர். பெருங்கவிஞர் ஒருவர் பேயைத் தொட்டுவிட்டால், அதனை ஏதேனும் ஒரு தத்துவத்தின் உருவகம் என விளக்கி அவரைக் காப்பாற்ற முற்படுவர். இரவீந்திரநாத தாகூர் 1898இல் எழுதிய 'மணிஹாரா' என்னும் வங்கச் சிறுகதைக்கு இத்தகைய காப்பு எதுவும் வேண்டுவதில்லை. அது பேய்க்கதைதான், அச்சமூட்டவே எழுதப்பட்டது. ஆயினும், அக்கதையில் நாம் அஞ்சவேண்டியது எதனை என்பது ஆராயத்தக்கது.

பாழடைந்த படித்துறையில் படகைக் கட்டிவிட்டு அமர்ந்திருக்கும் ஒருவனிடம், அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் கதை சொல்கிறார். பணிபூஷணன் என்னும் செல்வன் தன் மனைவி மணிமாலிகைக்கு நகைகளை வாரி வழங்குகிறான். வாணிபத்தில் நெருக்கடி நேர்ந்தபோது அந்நகைகளை ஈடாகக் கேட்கிறான். அதையும் தயங்கித் தயங்கியே கேட்கிறான். அவளோ எல்லா நகைகளையும் பூட்டிக்கொண்டு, உறவினன் ஒருவன் துணையோடு இரவோடிரவாகப் படகேறிப் போய்விடுகிறாள். அதன்பின் அவளைப் பற்றிய செய்தியே இல்லை.

பின்னர் வரும் மூன்று இரவுகளே கதையின் உயிர். முதலிரவு, ஆற்றுப் படிகளிலிருந்து நகைகளின் கலகலப்போடு ஏறிவரும் ஓசை பூட்டிய வாயிலோடு நின்றுவிடுகிறது. மறுநாள் வாயிலைத் திறந்துவைக்கச் சொல்கிறான் கணவன். ஓசை மாடியேறிப் படுக்கையறை வாசல்வரை வருகிறது. மூன்றாம் இரவு உள்ளேயே வந்துவிடுகிறது. எலும்புதோறும் பொன், மண்டையோட்டில் மட்டும் மணநாளில் அவன் கண்ட அதே கண்கள், உயிரோடு! ஒவ்வொரு கதவாகத் திறந்துவிடுபவன் அவனே என்பதை வாசகர் மறக்கலாகாது. ஓசையைக் கொண்டே இத்துணை அச்சத்தை விளைவித்த சிறுகதைகள் நம் நாட்டில் மிகச் சிலவே என்பேன்.

இப்பேயின் முன்னோரை வங்க நாட்டுப்புறக் கதைகளில் காணலாம். 1883இல் லால் பிகாரி தே வெளியிட்ட தொகுதியில், அந்தணன் ஒருவனின் மனைவியை மரப்பொந்தில் அடைத்துவிட்டு அவள் சேலையை உடுத்திக்கொண்டு வீட்டுக்குள் புகும் பெண்பேய் ஒன்று வருகிறது. மாமியாருக்கு முதலில் மகிழ்ச்சி. மருமகள் திடீரெனச் சுறுசுறுப்பாகி விட்டாளே! மறு அறையில் இருக்கும் பொருளை இருந்த இடத்திலிருந்தே நீண்ட கையால் எடுப்பதையும், விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்து எரிப்பதையும் கண்ட பின்னரே ஐயம் எழுகிறது. அது நகைச்சுவைக் கதைதான். எனினும், குறைவற உழைக்கும் மருமகள் பேயாகத்தான் இருக்கவேண்டும் என்னும் குறிப்பு அதில் இல்லாமலில்லை. மணிமாலிகையும் ஓயாமல் வேலை செய்பவள், அதிகம் பேசாதவள், நோயே அறியாதவள். அவளைத் தாகூர் இறந்தபின் பேயாக்கினார் என்பதைவிட, உயிரோடிருந்தபோதே அந்த வீடு அவளைப் பாதிப் பேயாகத்தான் கண்டது என்பதே பொருந்தும்.

ஆனால், அவ்வாறு கண்டவர் யார்? நமக்குக் கிடைப்பதெல்லாம் ஆசிரியரின் வாய்மொழி ஒன்றே. கதையினூடே அவர் நெடிய உபதேசம் செய்கிறார். கடுமை காட்டும் கணவனையே பெண் விரும்புவாள், மென்மையால் கெட்டான் பணிபூஷணன் என்பது அவர் துணிபு. இவ்வுபதேசத்தைத் தாகூரின் சொந்தக் கருத்தாகக் கொண்டு குறைகூறுவோர் கதையின் முடிவைக் கவனிக்கவில்லை. கதை முடிந்ததும், தன் பெயர்தான் பணிபூஷணன் சாஹா என்கிறான் கேட்டிருந்தவன். அப்படியானால் மனைவியின் பெயர்? நிருத்தியகாளி! அந்த ஒரு பெயரால் ஆசிரியரின் கதை முழுவதும் ஆட்டம் காண்கிறது. நகைப்பித்துப் பிடித்தவள், கணவனைக் கைவிட்டவள் என்று தூற்றப்பட்ட பெண் ஊர் வாயில் மட்டுமே வாழ்ந்தவளோ என்னும் ஐயம் எழுகிறது. ஒருத்தியைப் பேயாக்குவதற்கு அவள் இறக்கவேண்டும் என்பதுகூட இல்லை.

தாகூர் நூற்றாண்டான 1961இல் சத்யஜித் ராய் இக்கதையைத் 'தீன் கன்யா' என்னும் முக்கதைத் திரைப்படத்தின் ஒரு பகுதியாக்கினார். காளி பானர்ஜியும் கனிகா மஜும்தாரும் தம்பதியராக நடித்தனர், இசையும் ராயே. பொருள்கள் அடைந்து மூச்சுமுட்டும் அந்த மாளிகை அவருடைய சிறந்த படைப்புகளுள் ஒன்று. நகைப்பெட்டியைப் பற்றும் எலும்புக்கை அரங்கில் அலற வைப்பது உண்மையே. ஆனால் கண்முன் காட்டப்பட்ட கை, காட்டாத ஓசையைவிடக் குறைவாகவே மனத்தில் நிற்கிறது. முடிவையும் ராய் மாற்றிவிட்டார். போர்வை போர்த்திக் கேட்டிருந்தவனே பேய். கதையில் மெய் குறைவு என்று சொல்லி மறைகிறான். திடுக்கிடும் உத்திதான். பேய் உண்டு என்று அது உறுதிசெய்துவிடுவதால் ஐயம் அகன்றுவிடுகிறது. ஊராரின் பழி கணவன் வாயால் மறுக்கப்பட்டாலும், மணிமாலிகை மணிமாலிகையாகவே எஞ்சுகிறாள். நிருத்தியகாளி என்றொருத்தி எங்கோ ஒரு வீட்டில் உயிரோடு இருக்கக்கூடும் என்னும் அந்த வாய்ப்பு படத்தில் இல்லை.