பக்கத்து வீட்டுச் சுதந்திரம்

2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தபோது நம்மில் பலர் கொதித்தோம். திருச்செங்கோட்டில் ‘மாதொருபாகன்’ எரிக்கப்பட்டதையும், நாமக்கல்லில் அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் அவரை மன்னிப்பு எழுதிக் கொடுக்க வைத்ததையும் காட்டுமிராண்டித்தனம் என்றோம். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்குத் தடை கேட்ட மனுவைத் தள்ளுபடி செய்து, அவரை மறுபடி எழுதச் சொன்னபோது மகிழ்ந்தோம். எல்லாம் சரிதான். ஆனால் திருச்செங்கோடு நமக்குத் தூரம். எரித்தவர்களில் நம் மாமனோ மச்சானோ இல்லை. அங்கே கருத்துச் சுதந்திரத்தைக் காப்பாற்ற நமக்குக் காலணா செலவில்லை.

செலவு வந்த இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அப்துல்லா ஹுசேனின் ‘இன்டர்லோக்’ 1971இல் வெளிவந்த மலாய் நாவல். மலாய்க்காரரான செமான், சீனரான கிம் லோக், இந்தியரான மணியம் ஆகிய மூவரின் குடும்பங்கள் வழியாக இந்த நாடு உருவான கதையைச் சொல்ல முயல்வது. நாற்பது வருடம் நம்மில் பெரும்பாலோர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2011ஆம் ஆண்டுக்கு ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடமாக வைக்கப்பட்ட பிறகுதான் மணியத்தின் பகுதியில் ‘பரியா’ என்ற சொல் இருப்பது தெரிந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் சாதியினரே என்கிற தொனியில் சில வரிகள். அதன்பின் போராட்டம், அறிக்கைப் போர். கிள்ளானில் நாவலையும் ஆசிரியரின் படத்தையும் எரித்தார்கள். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாடநூல் என்பது கட்டாயம். பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்டு, இடைவேளையில் அதே சொல்லால் கிண்டல் செய்யப்படும் என்று ஒரு தாய் பயந்தால், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. “இதைப் பாடத்திட்டத்திலிருந்து எடுங்கள்” என்று கேட்பதும் கருத்துச் சுதந்திரம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எரிப்பதும், இந்த நாவலே நாட்டில் இருக்கக்கூடாது என்பதும் வேறு கணக்கு. முதலாவது, என் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதே என்கிறது. இரண்டாவது, நீ எழுதவே எழுதாதே என்கிறது. 2011இல் இரண்டும் ஒரே கூச்சலில் கலந்துபோயின. பிரித்துக் காட்டியிருக்க வேண்டியவர்கள் எழுத்தாளர்கள். பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. “எதுக்கு வம்பு? சமுதாயத்துக்கு எதிரா நிக்கிறான்னு சொல்லுவாங்க” என்பதுதான் அன்றைய இலக்கிய நிலைப்பாடு.

அந்தக் கோபத்தின் உள்ளே என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நாவலின் அந்த வரிகள் வரலாற்றுப்படி தவறு. தோட்டங்களுக்கு வந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமாக இருந்தார்கள். மற்ற பல சாதியினரும் வந்தார்கள். தமிழர், மலையாளி, தெலுங்கர் என்ற வேறுபாடுகளையும் நாவல் குழப்புகிறது என்று அப்போதே சுட்டிக்காட்டினார்கள். இவையெல்லாம் நல்ல விமர்சனங்கள். ஆனால் மேடைகளில் ஓங்கி ஒலித்தது இதுவல்ல. “எங்களைப் போய் அப்படிச் சொல்லலாமா?” என்பதே ஒலித்தது. ‘அப்படி’ என்றால் எப்படி? அந்தச் சாதியில் பிறந்து, இதே மண்ணில் பால் மரம் சீவி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அந்தக் கூட்டத்திலும் நின்றிருப்பார்கள் அல்லவா? அவர்கள் காதில் அந்த முழக்கம் எப்படி விழுந்திருக்கும்? சாதியை இழிவு என்று சொல்ல வேண்டிய நேரத்தில், அந்தச் சாதியாக அறியப்படுவதை இழிவு என்று சொல்லிவிட்டோம். சாதி பார்த்து லயம் பிரித்த தோட்டங்கள் இங்கே இருந்தன. கல்யாணப் பேச்சில் சாதி இன்றும் மெல்லிய குரலில் வருகிறது. அதையெல்லாம் பேச ஒரு மலாய் நாவல் தெரிந்தோ தெரியாமலோ கதவைத் திறந்தது. நாம் கதவுக்கே தீ வைத்தோம்.

ஒரு எழுத்து தவறாக இருந்தாலும் அது பேசப்படட்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். தவறான வரிகளும் ஒரு சமூகம் மறைத்து வைத்திருப்பதை வெளியே இழுத்துப்போடும். வாயை அடைத்தால் தவறோடு சேர்ந்து அந்த உண்மையும் புதைந்துபோகும்.

இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. தடை செய் என்று நாம் யாரிடம் கேட்கிறோம்? 2007 ஆகஸ்டில் ‘மக்கள் ஓசை’ நாளிதழ், கையில் சிகரெட்டும் பியர் டின்னுமாக இயேசுவின் படம் ஒன்றைப் பிரசுரித்துவிட்டது. பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. கோலாலம்பூர் கத்தோலிக்கப் பேராயர் மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். புண்பட்டவர்கள் மன்னித்த பிறகும் அரசு ஒரு மாதத்துக்குப் பத்திரிகையை நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு, பொதுத்தேர்தல் முடிந்த கையோடு, அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துப் பிறகு திருப்பித் தந்தது. அதற்குக் கைகொடுத்தது 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். ஒரு புத்தகத்தைத் தடை செய்ய அமைச்சருக்கு அதிகாரம் தருவதும் அதே சட்டம்தான். மலாய் நாவலுக்கு எதிராக அந்தக் கையைப் பிடித்து இழுத்தால், நாளை அது தமிழ்ப் பத்திரிகையின் கழுத்துக்கு வரும்போது எந்த வாயால் கேட்பது?

அரசமைப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. அடுத்த வரியிலேயே அதைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு இடமும் தருகிறது. அந்த இடத்தை அகலமாக்க அரசுக்கு எப்போதும் ஒரு சாக்கு தேவை. ‘மக்கள் புண்பட்டுவிட்டார்கள்’ என்பதைவிட வசதியான சாக்கு கிடைக்காது. சிறுபான்மையினராகிய நாமே அதை எடுத்துக் கொடுப்பது எனக்குப் புரியவில்லை. பெரும்பான்மையின் மனம் புண்படும்போது யாருடைய வாய் முதலில் மூடப்படும் என்று நமக்குத் தெரியாதா?

கதையின் முடிவு இது. முதலில் திருத்தங்களோடு வைத்திருக்கலாம் என்றார்கள். 2011 இறுதியில் நாவலைப் பள்ளிகளிலிருந்து எடுத்தார்கள். பதிலாக வந்தது ‘கொன்செர்தோ தெராக்கிர்’. அதை எழுதியவரும் அதே அப்துல்லா ஹுசேன்! வெற்றி என்று இனிப்பு கொடுக்கலாம். சாதி பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது. மணியத்தின் கதையை நம் பக்கமிருந்து சரியாகச் சொல்லி மலாய் வாசகனின் கையில் கொடுக்கும் வேலை, போராட்டம் கேட்ட உழைப்பில் பாதியைக்கூட நம்மிடமிருந்து பெறவில்லை.

அடுத்த புத்தகம் வரும். நம்மைப் பற்றித் தப்பாக, மோசமாக, ஒருவேளை வேண்டுமென்றே எழுதியதாகவும் இருக்கலாம். முதலில் அதைக் காசு கொடுத்து வாங்குங்கள். முழுதாக வாசியுங்கள். பிறகு திட்டுங்கள், தமிழில் மட்டுமில்லாமல் எழுதியவருக்குப் புரிகிற மொழியிலும். அவர் பதில் சொல்லட்டும். அமைச்சருக்கு மகஜர் எழுத அதற்குப் பிறகும் மனம் வந்தால், மக்கள் ஓசையின் கதையை ஒருமுறை நினைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.