இடையில் மூடிய ஏடுகள்: சீறாப்புராணத்தை முன்வைத்து

தொடங்கிய நூலை முடித்தே தீரவேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. திருக்குர்ஆனை முதலிலிருந்து இறுதிவரை ஓதிக் கத்தம் செய்வது நம் இல்லங்களின் வழக்கம். காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் றஜப் மாதத்தில் புகாரி ஷரீஃப் முழுமையும் ஓதி நிறைவு செய்யப்படுகிறது. ஓதலுக்குரிய இவ்வொழுங்கு ஏனைய நூல்களைப் படிப்பதற்கும் உரிய கடமையாக நம் மனத்தில் படிந்துவிட்டது. அதனாலேயே ஒரு காப்பியத்தையோ ஆய்வு நூலையோ பாதியில் மூடிவைத்தவர் அதனை வெளியே சொல்லக் கூசுகிறார். படிக்காமல் விடுவதைக் காட்டிலும், விட்டதைச் சொல்லாமல் மறைப்பதே இலக்கியத்திற்குப் பெருங்கேடு விளைவிக்கிறது. இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

இஸ்லாமிய அறிவு மரபில் இருவகைப் படிப்பாளிகளைக் காண்கிறோம். ஒருவர் அல்ஜாஹிழ். 987இல் இப்னு நதீம் தொகுத்த ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ அவரைப் பற்றிய செய்தியொன்றைப் பதிவு செய்துள்ளது. கையில் எந்த நூல் கிடைத்தாலும் அதனை முற்றாகப் படித்து முடிப்பாராம். நூல் விற்போரின் கடைகளை வாடகைக்கு எடுத்து இரவெல்லாம் அங்கேயே தங்கிப் படிப்பாராம். முடித்தல் என்பதன் முழு உருவம் இது.

மற்றவர் இப்னு சீனா. அரிஸ்டாட்டிலின் ‘மெய்ப்பொருளியல்’ நூலை நாற்பது முறை படித்ததாகவும், அது மனப்பாடமே ஆகிவிட்ட பின்னும் அதன் நோக்கம் விளங்கவில்லை என்றும் தம் வரலாற்றில் அவர் கூறுகிறார். இந்நூலைப் புரிந்துகொள்ள வழியே இல்லை என்று முடிவுகட்டிக் கைவிட்டார். பின்னர் ஒருநாள் புத்தகக் கடைத்தெருவில் ஒரு தரகர் மலிவான நூல் ஒன்றைக் காட்டினார். இத்துறையால் பயனில்லை என்று முதலில் மறுத்த அவர், வற்புறுத்தலுக்கு இணங்கி மூன்று திர்ஹத்திற்கு அதனை வாங்கினார். அந்நூலின் நோக்கங்களை விளக்கி அல்ஃபாராபி எழுதிய நூல் அது. வீடு திரும்பிப் படித்ததும் மூடியிருந்த பொருள் திறந்தது. மறுநாள் ஏழைகளுக்குத் தர்மம் வழங்கி இறைவனுக்கு நன்றி செலுத்தினார்.

இந்நிகழ்ச்சியிலிருந்து இரண்டு செய்திகளைப் பெறலாம். கடைசிப் பக்கத்தை எட்டுவது வேறு, ஒரு நூலைப் படித்து முடிப்பது வேறு. நாற்பது முறை கடைசிப் பக்கத்தை எட்டியவருக்கே அந்நூல் முடிந்திருக்கவில்லை. இது முதலாவது. இரண்டாவது, தாம் எங்கே தடைப்பட்டோம் என்பதை அவர் துல்லியமாக அறிந்திருந்தார். தடை நூலின் நோக்கத்தைப் பற்றியது என அறிந்திருந்தமையால்தான், நோக்கத்தைச் சொன்ன சிறு நூல் அவருக்குத் திறவுகோலாக அமைந்தது.

1377இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன் இவ்வினாவை வேறொரு கோணத்தில் அணுகினார். ஒரு துறையில் நூல்கள் அளவின்றிப் பெருகுவது கல்விக்கு இடையூறாகும் என்றார். மாலிக்கி சட்டத்துறை நூல்களையும் அவற்றின் உரைகளையும் எடுத்துக்காட்டி, அனைத்தையும் கற்க மாணவனின் ஆயுளே போதாது என்று விளக்கினார். எனவே எதையேனும் விட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் அதற்கு மாற்றாகச் சுருக்க நூல்களை நாடுவதையும் அவர் ஏற்கவில்லை. பெரும் பொருளைச் சில சொற்களில் திணிக்கும் சுருக்கங்கள் மாணவனைக் குழப்பும் என அடுத்தே எச்சரித்தார். விடுவதும் ஒரு கலை. அதற்கும் அளவுகோல் வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.

அந்த அளவுகோல் யாது? ஒரு நூலைப் பாதியில் விடுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். நூல் பொய்யுரைக்கிறது, அல்லது கூறியதையே கூறுகிறது எனக் கண்டு விடுவது முதலாவது. அது நூலின் மீதான தீர்ப்பு. இந்நூலைக் கற்கும் தகுதி தமக்கு இன்னும் வாய்க்கவில்லை எனக் கண்டு ஒத்திவைப்பது இரண்டாவது. அது தம்மீது தாமே அளிக்கும் தீர்ப்பு. வெறும் சலிப்பால் விடுவது மூன்றாவது. அதில் தீர்ப்பென்று ஏதுமில்லை. பயன் தராத கல்வியிலிருந்து இறைவனிடம் பாதுகாவல் தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த பிரார்த்தனை முதல் காரணத்திற்கு அரண் செய்கிறது. மூன்றாவது காரணத்திற்கு அதனைத் துணையாகக் கொள்வது முறையன்று.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் கைக்கு எட்டிய ஒரு காப்பியத்தைப் பார்ப்போம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்துக் காண்டத்தில் 24, நுபுவ்வத்துக் காண்டத்தில் 21, ஹிஜ்றத்துக் காண்டத்தில் 47 என 92 படலங்களையும் 5,027 விருத்தங்களையும் உடையது. 1842இல் செய்கு அப்துல் காதிறு நெய்னார் லெப்பை ஆலிம் அதனை முதன்முதலில் அச்சேற்றினார். பின்னர்ப் பதிப்புகளும் உரைகளும் வெளிவந்துள்ளன. 1973இல் திருச்சியில் தொடங்கிய இஸ்லாமியத் தமிழிலக்கிய மாநாடுகளுக்குப் பிறகு அதன் புகழ் மேலும் பரவிற்று. ஆயினும் மேடைகளில் எடுத்தாளப்படுவன ஒருசில பகுதிகளே. அவற்றுள் மானுக்குப் பிணைநின்ற படலம் தலையாயது. எஞ்சிய பெரும்பகுதி பாராட்டுரைகளுக்குப் பின்னே படிக்கப்படாமல் கிடக்கிறது.

இக்காப்பியத்தைப் படிக்கப் புகுவோர் எங்கே நிற்கின்றனர்? நபிகளாரின் (ஸல்) வரலாற்றை நாடி வருபவர் முதலில் நாட்டுப் படலத்தையும் நகரப் படலத்தையும் எதிர்கொள்கிறார். அங்கே அறபு நாட்டில் தமிழகத்து மழை பொழிகிறது. ஆறு பெருகி வயலில் பாய்கிறது. தலைமுறைப் படலத்தையும் கடந்த பின்னரே நபியவதாரப் படலம் வருகிறது. கம்பன் உள்ளிட்ட காப்பியப் புலவர்கள் வகுத்த மரபு இது என அறியாதவருக்கு இது வரலாற்றுப் பிழையாகத் தோன்றும்; அங்கேயே ஏட்டை மூடிவிடுவார். தமிழ்ப் புலமை மிக்க பிற சமயத்தவரோ நாட்டுப் படலத்தை எளிதாகக் கடந்து விடுகிறார். தீன், ஈமான், நுபுவ்வத் முதலிய சொற்களும் தமிழ் ஒலிக்கேற்ப உருமாறிய அறபுப் பெயர்களும் அவரைத் தடுக்கின்றன. ஆக, நமக்குத் தமிழ்க் காப்பிய மரபு தடையாகிறது. அவருக்கு இஸ்லாமிய வழக்கு தடையாகிறது. ஒரே நூல் இரு வேறு இடங்களில், இரு வேறு காரணங்களால் கைவிடப்படுகிறது.

இவ்வேறுபாடு வெளிப்படையாகப் பேசப்பட்டிருந்தால் அதற்கேற்ற உதவி செய்ய முடியும். முன்னவருக்கு வேண்டியது, மக்காவை வருணிக்கும் புலவர் ஏன் மருதநில வளம் பாடுகிறார் என்பதைச் சொல்லும் ஓர் அறிமுகம். பின்னவருக்கு வேண்டியது, நல்லதொரு சொல்லகராதி. நூலை வெறுமனே புகழும் உரை இருவருக்கும் பயன்படாது. வசனச் சுருக்கமும் பயன்படாது. கதையை மட்டும் அறிய விரும்புவோருக்கு நபி வரலாற்று நூல்கள் பல உள்ளன. மானின் தவிப்பையும், அதனை நம்பிப் பிணைநின்ற கருணையையும், வாக்கு மாறாது கன்றுடன் மான் திரும்பியதைக் கண்ட வேடனின் மனமாற்றத்தையும் விருத்தத்தின் ஓசையோடு கேட்பதற்காகவே நாம் உமறுவிடம் செல்கிறோம். வாசகர் முதற் படலத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உமறு கத்தாபு (ரலி) அவர்கள் ஈமான் கொண்ட படலத்திலோ பதுறுப் படலத்திலோ தொடங்கி, பின்னர் நாட்டுப் படலத்திற்குத் திரும்பலாம். காப்பியத்தின் ஓட்டத்தை ஒருமுறை உணர்ந்தவருக்கு அவ்வருணனை பின்பு சுமையாக இராது.

சீறாப்புராணமே முற்றுப்பெறாத நூல் என்பதையும் இங்கே கருதவேண்டும். நபிகளாரின் (ஸல்) வாழ்வின் இறுதிவரை அது செல்லவில்லை. உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. பிற்காலத்தில் பனீ அகமது மரைக்காயர் எஞ்சிய வரலாற்றைப் பாடினார். அது ‘சின்னச் சீறா’ என வழங்கலாயிற்று. உமறு எங்கே நிறுத்தினார் என்பது தெளிவாகத் தெரிந்தமையாலேயே அவ்விடத்திலிருந்து இன்னொருவர் தொடர முடிந்தது.

வாசகருக்கும் திறனாய்வாளருக்கும் இதுவே பொருந்தும். ஒரு நூலைப் பற்றி எழுதுபவர் தாம் படித்த அளவையும், நின்ற இடத்தையும், நின்ற காரணத்தையும் கூறுவது நேர்மை. அமானிதம் என்றே அதனைக் கூறலாம். அவ்வாறு கூறப்பட்டால் நிறுத்திய படலத்திலிருந்து அவரே மீண்டும் தொடங்கலாம். அன்றி, அவ்விடத்தைக் கடந்த இன்னொருவர் அவருக்கு வழிகாட்டலாம். முழுதும் படித்தவர்போல் எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்கும் வரை, எந்த இடத்தில் உரை வேண்டும், எந்த இடத்தில் அகராதி வேண்டும் என்பது பதிப்பாளருக்கோ ஆசிரியருக்கோ தெரியவரப் போவதில்லை.