உயரப் பயத்துக்குக் காந்தமும் கண்ணாடியும்

தேனி மாவட்டத்தில், முந்தல் சோதனைச்சாவடியிலிருந்து மலைமேல் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளுக்கு இது தினப்படி வழி. ஆனால், பள்ளத்துப் பக்கம் இடம் கிடைத்தால் கம்பியை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டு, வளைவு வரும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்பவர்களும் உண்டு. அந்தப் பயம் முற்றினால் வேலையையே விட வைக்கும்.

இதற்கு நன்கு சோதிக்கப்பட்ட வைத்தியம், பயந்த இடத்திலேயே படிப்படியாக நின்று பழகுவதுதான். 1995-இல் அட்லாண்டாவில் பார்பரா ரோத்பாம் குழுவினர், கணினி உருவாக்கிய பாலங்களிலும் மாடங்களிலும் கல்லூரி மாணவர்களை நிற்கவைத்துப் பயத்தைக் குறைத்துக் காட்டினார்கள். 2002-இல் நெதர்லாந்தில் எமெல்காம்ப் குழுவினர் ஒப்பிட்டபோது, நிஜ உயரத்தில் பழகியவர்களுக்குக் கிடைத்த பலன் வி.ஆர். (மெய்நிகர்) கண்ணாடியில் பழகியவர்களுக்கும் கிடைத்தது.

அடுத்த படியாக வந்தது காந்தம். இப்படிப் பழகும்போது பழைய பயம் அழிவதில்லை. ‘இங்கே ஆபத்தில்லை’ என்ற புதுப் பாடம் அதன்மேல் ஏறி அதை அடக்குகிறது. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளையின் முன்பகுதிக்கு அந்த அடக்கத்தில் பெரும் பங்குண்டு. அந்தப் பகுதியை முன்கூட்டியே காந்தத்தால் தூண்டிவிட்டால் பாடம் சீக்கிரம் பதியுமா? ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஹெர்மன் குழுவினர் 39 பேரிடம் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். 20 பேருக்கு விநாடிக்கு 10 துடிப்பு வீதம் காந்தத் தூண்டல். 19 பேருக்குப் போலித் தூண்டல். எல்லோருக்கும் இரண்டு முறை வி.ஆர். பயிற்சி. சிகிச்சை முடிந்த கையோடு அளந்தபோது, நிஜத் தூண்டல் பெற்றவர்களிடம் பயமும் தவிர்ப்பும் கூடுதலாகக் குறைந்திருந்தன. மூன்று மாதம் கழித்து அந்த வித்தியாசம் நிற்கவில்லை.

ஆக, காந்தம் வேகத்தைத்தான் கூட்டியது. அதை அற்பமென்று தள்ளவும் முடியாது. தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சிகிச்சை என்பது ஒரு நாள் கூலி இழப்பு. நான்கு தடவை போக வேண்டியது இரண்டாகக் குறைந்தால் அது பெரிய உதவி. ஆனால் வலிப்பு உள்ளவர்களுக்கும் தலைக்குள் உலோகம் வைத்தவர்களுக்கும் இந்தத் தூண்டல் பொதுவாக ஆகாது. கருவிக்காகப் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற பெரிய மருத்துவமனைகளைத் தேடிப் போகவும் நேரலாம். போடியிலிருந்து அவ்வளவு தூரம் போய்வருவதற்குள் மிச்சமான நாள்கள் பஸ்ஸிலேயே கரைந்துவிடும்.

கண்ணாடி மட்டும் என்றால் கதை வேறு. 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டில் டேனியல் ஃப்ரீமன் குழுவினர் 100 பேரை எடுத்து, 49 பேருக்கு மனநல மருத்துவரே உடனில்லாமல், கணினி உருவாக்கிய பயிற்சியாளரை வைத்து வி.ஆர். சிகிச்சை கொடுத்தார்கள். பயம் சராசரியாக 68 சதவீதம் இறங்கியது. அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் தாரா டோங்கர் குழுவினர் 193 பேரிடம் சோதித்தது இன்னும் எளிமை: கைபேசிச் செயலி, அட்டைக் கண்ணாடி, மூன்று வாரப் பயிற்சி. பலன் தெளிவாகவே தெரிந்தது. குறையும் உண்டு. இரண்டு ஆய்வுகளிலும் ஒப்பீட்டுக் குழுவினர் வேறெந்தப் புதுச் சிகிச்சையும் பெறவில்லை. அதனால் எண்கள் கொஞ்சம் பெரிதாகத் தெரிய வாய்ப்புண்டு. இருந்தும் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எட்டக்கூடிய வழி இதுதான்.

இந்த மலையில் இன்னொரு கேள்வியையும் தள்ளிப்போட முடியாது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் கயிறில்லாமல் ஏறுபவருக்கு வரும் பயம் நோயல்ல. மழைக்கு முன் நிழல்மரம் கவாத்து செய்பவருக்கும் அப்படித்தான். அந்தப் பயத்தைச் சிகிச்சையால் குறைப்பது ஆளை ஆபத்துக்குள் அனுப்புவதாகிவிடும். அங்கே தேவை பாதுகாப்புக் கயிறு. அதைக் கொடுக்கும் கடமை தோட்ட முதலாளிக்கு.

இனி வரும் சோதனைகள் மூன்று மாதத்தோடு நிற்காமல் ஓராண்டு தொடர வேண்டும். காந்தமும் கண்ணாடியும் சேர்ந்த சிகிச்சையை வெறும் கண்ணாடியோடு மட்டுமல்ல, துணைக்கு ஒருவர் உடன்வர 17 வளைவுகளிலும் இறங்கி நின்று பழகுவதோடும் ஒப்பிட வேண்டும். அதற்குக் கருவியே வேண்டாம். சாலை ஏற்கெனவே இருக்கிறது.