எர்த்சீயின் மந்திரவாதி: தன்னறிவும் மன்னிப்பும்

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் (1929–2018) 1968இல் வெளியிட்ட ‘எர்த்சீயின் மந்திரவாதி’ சிறுவர் இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்ட நூலாகும். அதன் தலைப்பைக் கண்டதும், மந்திரவாதத்தை விலக்கும் உபாகமம் 18ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் ஒரு நூல் எதைப் பேசுகிறது என்பதோடு, அதனை எவ்வாறு மதிப்பிடுகிறது என்பதையும் நோக்குதல் திறனாய்வாளர் கடன்.

இக்கதையில், ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனே அதன்மீது ஆற்றல் பெறுகிறான். ஒவ்வொரு மந்திரச் செயலும் உலகின் சமநிலையைத் தாக்குமாதலால், சான்றோர் அவ்வாற்றலைச் செலுத்தத் தயங்குகின்றனர். குருவாகிய ஓகியன் மழையில் நனைவாரேயன்றி, மந்திரத்தால் அதனை விலக்கார். அவருடைய மாணாக்கன் கெட் என்பவனோ, ரோக் தீவின் கல்விக்கூடத்தில் உடன்மாணவன் ஒருவன்முன் தன் திறமையைக் காட்டும் செருக்கினால், இறந்த ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். பெயரற்ற நிழலொன்றும் வெளிப்பட்டு அவனைத் தாக்குகிறது. பிளவுண்ட வாயிலை அடைப்பதற்குத் தம் வலிமை முழுவதையும் ஈந்து தலைமை மந்திரவாதி நெம்மர்ல் உயிர்துறக்கிறார். ஆகவே இந்நூல் ஆற்றல் வேட்கையைக் கடுமையாகவே கண்டிக்கிறது.

நம் வினா வேறு. முதலில் அஞ்சி ஓடிய கெட், ஓகியனின் அறிவுரைப்படி திரும்பி நின்று நிழலைத் துரத்துகிறான். கடற்கோடியில் தன் பெயராலேயே அதனை அழைத்து முழுமையடைகிறான். தீமையைப் பிறர்மீது சுமத்தாது தன்னுடையதென ஏற்கும் இந்நேர்மை போற்றத்தக்கது. ஆனால் தன்னை அறிதல் மட்டும் குற்றத்தைத் தீர்க்குமா? நெம்மர்லின் மரணத்திற்கு இம்முடிவில் விடையில்லை. 1997இல் தாவோ தே ஜிங்கினைத் தமது நடையில் ஆங்கிலத்தில் வழங்கிய ஆசிரியை, ஒளியும் இருளும் இணைந்த முழுமையையே இங்கு நாடுகிறார், மன்னிப்பை நாடவில்லை.

எனினும் கதையின் நடுவே வேறொரு குரல் ஒலிக்கிறது. வடுப்பட்டு நாணி ஒதுங்கியிருக்கும் கெட்டிடம், நண்பன் வெட்ச் தன் மெய்ப்பெயரைக் கூறுகிறான். மெய்ப்பெயரைக் கொடுத்தல் அவ்வுலகில் உயிரையே ஒப்படைத்தலாகும். கேளாமலும் தகுதி பாராமலும் அளிக்கப்பட்ட கொடை அது. இறுதிப் பயணத்திலும் அவனே உடன்செல்கிறான். கெட் தன் நிழலுக்குப் பெயரிடுமுன், மற்றொருவன் அவனை நம்ப வேண்டியிருந்தது. இதனை ஆசிரியை தம் முடிவுரையில் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பதே நம் குறை.

மந்திரத்தைப்பற்றி எச்சரித்து நூலை மூடிவிடும் ஆசிரியர், இப்பகுதியைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டும் நல்வாய்ப்பை இழந்துவிடுவார்.